எதனோடு ஒப்பிட்டு?

சென்ற இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், ‘நானும் ஒரு காலத்தில் குவான்டிடேட்டிவ் எக்கனாமிக்ஸில் முதுகலை முடித்தவள்தான்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். கணிதமும் புள்ளியியலும் கொண்டு பொருளாதாரத்தை ஆராய்கிற படிப்பு அது. தற்பெருமைக்குத் தண்டனையாக இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கட்டை மட்டும் பிரிக்கிறேன்.

கே: அக்கா, இளங்கலையில் பொருளாதாரம் படித்தேன். கணக்கு பள்ளியோடு சரி. வகைக்கெழு வரை தெரியும், அதற்கு மேலே பயம். இந்தப் படிப்பு என்னால் முடியுமா?

ப: முடியும். ஆனால் ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ வகை ‘முடியும்’ இல்லை இது. ஆறு மாதம், தினமும் இரண்டு மணி நேரம் பென்சில் தேய்ந்தால் வருகிற ‘முடியும்’.

நான் சேர்ந்தபோது உங்களைவிட மோசம். நான்கு வருடம் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதிவிட்டு, இருபத்தேழு வயதில் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கூட்டல் கழித்தலில் யாரும் என்னை அசைக்க முடியாது. ஆனால் முதல் வாரத்தில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. திறந்த கணம், மூடிய கணம், எல்லைக்கு உட்பட்ட கணம் என்றே போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து, “சார், இதற்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பலகையில் இரண்டு அச்சு வரைந்து, கையிலிருக்கிற பணத்துக்கு இரண்டு பொருளில் எவ்வளவெவ்வளவு வாங்கலாம் என்று காட்டுகிற வரவுசெலவுக் கோடு ஒன்று போட்டார். “கிடைமட்ட அச்சில் இருக்கிற பொருளின் விலையைப் பூஜ்யம் ஆக்கு” என்றார். சாய்ந்திருந்த கோடு அப்படியே படுத்துக்கொண்டு பலகையைத் தாண்டிப் போய்விட்டது. “எவ்வளவு கிடைத்தாலும் இன்னும் கொஞ்சம் கேட்கிற ஆள் ஒருவன். இந்தப் பொருளை எவ்வளவு வாங்குவான்?” நான் ஒரு எண் சொன்னேன். “அதைவிட ஒன்று கூட வாங்கினால்?” என்றார். இன்னொரு எண் சொன்னேன். அதற்கும் அதே கேள்வி. ஆகச் சிறந்த அளவு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. “தேவைக் கோடு என்று இளங்கலையில் வரைந்தாயே, அந்தத் தேவை என்று ஒன்று இருப்பதற்கே, வாங்க முடிகிற அளவுகளின் கணம் மூடியதாகவும் எல்லைக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். மூன்று நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்” என்றார். உட்கார்ந்தேன். அன்றிலிருந்து கணங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சேருமுன் கையில் இருக்க வேண்டியவை: பல மாறிகள் கொண்ட நுண்கணிதம், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு. இதில் லீனியர் அல்ஜீப்ராவை மட்டும் குறைத்து மதிப்பிடாதீர்கள். ரிக்ரெஷன், அதாவது தரவுப் புள்ளிகளுக்குப் பொருந்துகிற கோடு போடுவது என்பதே, ஒரு புள்ளியிலிருந்து ஒரு தளத்துக்கு விழுகிற நிழல்தான். ‘மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொண்டால்’ என்று பொருளாதாரத்தில் மூச்சுக்கு மூச்சு சொல்கிறோமே, அதைக் கணக்கில் எப்படிச் செய்வது என்று பொருளியலாளர்கள் ஃப்ரிஷும் வாவும் 1933-இல் ஒரு தேற்றமாகவே காட்டினார்கள். அதை ஒரு தடவை மூன்று மாறி, ஐந்து வரித் தரவை வைத்துக்கொண்டு கையால் போட்டுப் பாருங்கள். அரை நாள் போகும். அந்த அரை நாளுக்கு அப்புறம் ஒவ்வொரு ரிக்ரெஷன் அட்டவணையும் வேறு மாதிரி தெரியும்.

கே: மேடம், நான் பொறியியல் முடித்தவன். கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பொருளாதாரத்தைப் போகப் போகப் பிடித்துக்கொள்ளலாம்தானே?

ப: தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களில் இரண்டு பேர் என் வகுப்பிலேயே முழுகினார்கள், தம்பி. நிரூபணமெல்லாம் அழகாகப் போடுவார்கள். கடைசியில் வந்த எண்ணைக் காட்டி “இது என்ன சொல்கிறது?” என்று கேட்டால், எண்ணையே திரும்பச் சொல்வார்கள்.

ஒரு சின்னச் சோதனை. ஒரு பொருளின் ஐம்பது வருட விலையும் விற்பனையும் உங்களிடம் இருக்கிறது. ஐம்பது புள்ளிகளையும் வைத்து நடுவே ஒரு கோடு இழுக்கிறீர்கள். அது வாங்குகிறவர்களின் தேவைக் கோடா, விற்கிறவர்களின் அளிப்புக் கோடா?

இரண்டும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அந்தந்த வருடத்துத் தேவையும் அளிப்பும் வெட்டிக்கொண்ட இடம். இரண்டு கோடுகளும் வருடாவருடம் நகர்ந்துகொண்டிருந்தால், உங்கள் கோடு எதையும் காட்டாது. எல்மர் வொர்க்கிங் என்பவர் 1927-இலேயே இதைப் படம் போட்டு விளக்கிவிட்டார். அடுத்த வருடமே ஃபிலிப் ரைட் வழி கண்டுபிடித்தார். அளிப்பை மட்டும் அசைத்து, தேவையைத் தொடாத ஒன்றைப் பிடி. விளைச்சல், வானிலை மாதிரி. அது அளிப்பை இப்படியும் அப்படியும் தள்ளும்போது புள்ளிகள் தேவைக் கோட்டின் மேலேயே நடந்து அதை நமக்கு வரைந்து காட்டிவிடும். ஆளி விதைக்கு இதைச் செய்தும் காட்டினார். இன்று ‘கருவி மாறி’ என்று நாம் படிக்கிற உத்தி இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சமாச்சாரம் முழுவதும் எண்ணெய் வகைகளுக்கான இறக்குமதி வரி பற்றிய ஒரு புத்தகத்தின் பின்னிணைப்பில் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது, இதை எழுதியது ஃபிலிப்பா, மரபியல் அறிஞரான அவர் மகன் சூவல் ரைட்டா என்று சந்தேகம். கடைசியில் 2003-இல் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இருவரின் எழுத்து நடையையும் புள்ளியியல் வைத்து அலசி, அப்பாதான் எழுதினார் என்று முடிவு சொன்னார்கள். பாட்டு யார் எழுதியது என்று நம் புலவர்கள் சண்டை போட்டுக்கொள்வதில்லையா, அந்த மாதிரிதான்.

உங்களுக்கு என் யோசனை: சேருமுன் கணக்குப் புத்தகத்தைத் தொடாதீர்கள். இளங்கலை மாணவர்கள் படிக்கிற நுண்பொருளியல் புத்தகம் ஒன்றை, சமன்பாடுகளைத் தாண்டிக் குதிக்காமல், கதைகளையும் தாண்டிக் குதிக்காமல் படியுங்கள்.

கே: இதற்குப் பதில் டேட்டா சயின்ஸ் படித்தால் போதாதா?

ப: எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது. தேர்வில் கூடுதல் விடைத்தாள் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள். யாருக்கு எவ்வளவு வரும் என்று கணிப்பது மட்டும் உங்கள் வேலை என்றால், விடைத்தாள் எண்ணிக்கை அருமையான தகவல். ‘அப்படியானால் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு தாள் கூடக் கொடுத்துவிடலாமா?’ என்று தலைமை ஆசிரியர் கேட்கும்போதுதான், மதிப்பெண்ணைக் கூட்டியது அந்தத் தாள்தானா என்று பிரித்துச் சொல்ல எங்கள் ஆள் தேவைப்படுகிறார்.

கே: முதல் இடைத்தேர்வில் எக்கனாமெட்ரிக்ஸில் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்) தோற்றுவிட்டேன். வகுப்பில் எல்லாம் புரிகிறது. தாளில் ஒன்றும் வரவில்லை. விட்டுவிடலாமா என்று இருக்கிறது. பெயர் போடாதீர்கள்.

ப: போடவில்லை. என் மதிப்பெண்ணை வேண்டுமானால் போட்டுக்கொள்கிறேன்: நூற்றுக்கு 31. வகுப்பில் எனக்கும் எல்லாம் புரிந்தது.

‘புரிகிறது’ என்பதை நம்பாதீர்கள் தோழி. திறமையான ஆசிரியர் பலகையில் எழுதும்போது யாருக்கும் புரியும். அடுத்த வரியை அவர் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் எழுத முடிகிறதா என்பதுதான் கேள்வி.

31 வாங்கிய வாரத்தில் எங்களில் நாலு பேர் சேர்ந்தோம். நாலு பேருமே தோற்றவர்கள், அதனால் யாருக்கும் யார் முன்னாலும் வெட்கமில்லை. மாலையில் காலி வகுப்பறை ஒன்றைப் பிடித்துக்கொள்வோம். ஒரே ஒரு விதி: பலகைக்குப் போகிறவர் கையில் தாள் இருக்கக்கூடாது. முதல் நாள், ரிக்ரெஷன் கோடு போடுகிற மீச்சிறு வர்க்க மதிப்பீடு சராசரியில் உண்மை மதிப்பையே தரும் என்று நான் நிரூபிக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் நாலு வரி. எனக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. ஏன் தெரியுமா? ஒவ்வொரு வரியிலும் ஒரு தோழி, “இந்த இடத்தில் எந்த அனுமானத்தைச் செலவழித்தாய்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கணக்கெழுதிய புத்திக்கு அந்த ‘செலவழித்தாய்’ பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து நிரூபணத்தின் ஓரத்தில் பற்று வரவு மாதிரி எழுத ஆரம்பித்தேன்: இந்த வரிக்கு இந்த அனுமானம் செலவு. எந்த அனுமானம் பொய்த்தால் எந்த வரி இடியும் என்பது தானாகத் தெரிந்தது. இறுதித் தேர்வில் 68. முதலிடமெல்லாம் இல்லை. தேறினேன்.

விடுவதா வேண்டாமா என்பதை இறுதித் தேர்வுக்கு அப்புறம் யோசியுங்கள். அதற்கு முன் மூன்று பேரைத் தேடுங்கள்.

கே: ஸ்டாட்டாவா, ஆரா, பைத்தானா? எதில் தொடங்குவது?

ப: மூன்றுமே தரவை அலசுகிற கணினிக் கருவிகள்தான். உங்கள் துறையில் எதைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ அதில். ஒன்று ஒழுங்காக வந்தால் மற்றது ஒரு மாதம்.

அதைவிட முக்கியம், செய்தது எல்லாம் எழுதிய கட்டளைகளாக இருக்க வேண்டும். அட்டவணையில் மவுஸை இழுத்து இழுத்துச் செய்யக்கூடாது. காரணம் ஒரு கதை. 2010-இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளியலாளர்கள், அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதமாக விழுந்துவிடுகிறது என்று எழுதினார்கள். செலவைக் குறைக்க நினைத்த அரசியல்வாதிகள் பலர் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு, வெளியான கட்டுரை ஒன்றை எடுத்து அதே விடையை வரவழைக்க வேண்டும் என்று வகுப்பில் வீட்டுப்பாடம். இவர் எடுத்தது இந்தக் கட்டுரை. எத்தனை முயன்றும் விடை வரவில்லை. மூல எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சராசரி எடுக்கிற கட்டளை ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். அகரவரிசையில் முதல் ஐந்து.

நியாயமாகச் சொன்னால் எக்செல் பிழை சின்னதுதான். சில வருடங்களின் தரவு விடுபட்டதும் நாடுகளுக்கு எடை போட்ட விதமும் பெரியவை. எல்லாவற்றையும் சரிசெய்து 2013-இல் ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் வெளியிட்டபோது, மைனஸ் 0.1 இருந்த இடத்தில் 2.2 வந்தது. கடன் அதிகமுள்ள நாடுகளில் வளர்ச்சி சற்றுக் குறைவு என்பது அப்போதும் நின்றது. பாதாளம்தான் காணாமல்போயிற்று.

உங்களுக்கும் இந்த வீட்டுப்பாடத்தைக் கொடுப்பார்கள். அலுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வருடப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

கே: என் மகள் இதில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வேலை கிடைக்குமா? ஒரு கல்லூரியின் விளம்பரத்தில் அவர்களிடம் படித்தவர்களுக்கு நல்ல சம்பளம் என்று போட்டிருக்கிறார்கள். — ஒரு தந்தை

ப: ஐயா, கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். மத்திய வங்கிகளின் ஆய்வுப் பிரிவு, அரசுப் புள்ளிவிவர அலுவலகங்கள், வங்கிகளில் கடன் இடரை அளக்கிற வேலை, காப்பீடு, நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றினார்களா என்று வழக்குகளுக்காகக் கணக்கிட்டுச் சொல்கிற ஆலோசனை அலுவலகங்கள், இணைய நிறுவனங்களில் ஏலமும் விலையும் வடிவமைக்கிற பிரிவுகள். ஏலம் என்றால் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1994-இல் அலைக்கற்றையை விற்க ஏலமுறை வகுத்துக் கொடுத்த மில்க்ரோமும் வில்சனும் 2020-இல் நோபல் வாங்கினார்கள். பேராசிரியராக வேண்டும் என்றால் இதற்கு மேல் முனைவர் பட்டம் உண்டு, அது தனி யாகம்.

ஆனால் அந்த விளம்பரத்தை ஓரமாக வையுங்கள். அங்கே சேரவே கடினமான நுழைவுத் தேர்வு. அதைத் தாண்டியவர்கள் எங்கே போயிருந்தாலும் ஓரளவு சம்பாதித்திருப்பார்கள். ஆகவே அந்தச் சம்பளத்தில் கல்லூரி கொடுத்தது எவ்வளவு, பிள்ளைகள் கொண்டுவந்தது எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. உங்கள் மகள் இதைப் படித்தால் என்ன ஆவாள் என்பதை, இதே மகள் வேறொன்று படித்தால் என்ன ஆவாள் என்பதோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவது மகள் உலகத்தில் இல்லை. அதுதான் எங்கள் துறையின் முழுத் தொல்லையும். அவளிடமே இந்தக் கேள்வியைக் கேளுங்கள். நன்றாகப் பதில் சொன்னால் சேர்த்துவிடுங்கள்.

கே: தீசிஸுக்கு ‘கல்வி நாட்டின் வளர்ச்சிக்கு எப்படி உதவுகிறது’ என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். கைடு முகத்தைச் சுளிக்கிறார். ஏன்?

ப: அது தலைப்பு இல்லை, தலைவர்கள் மேடையில் பேசுகிற பொருள். உங்கள் கைடுக்குப் பரிந்து பேசுவதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது.

என் முதல் வரைவு டியூஷன் பற்றியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண் தரவு கிடைத்தது, ரிக்ரெஷன் ஓட்டினேன். டியூஷன் போகிறவர்கள் போகாதவர்களைவிட 6 மதிப்பெண் குறைவு. நட்சத்திரக் குறி மூன்று, அதாவது தொடர்பே இல்லாவிட்டால் தற்செயலாக இப்படி வருவது மிக அரிது. உலகத்துக்கு ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று நாற்பது பக்கம் எழுதினேன். என் கைடிடமிருந்து திரும்பி வந்தபோது முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் இரண்டே சொல்: ‘எதனோடு ஒப்பிட்டு?’

ஒரு வாரம் அவர்மேல் கோபம். அப்புறம்தான் மண்டையில் ஏறிற்று. டியூஷனுக்கு யார் அனுப்பப்படுகிறார்கள்? ஏற்கெனவே பின்தங்கியவர்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள்தான் அதிகம் நோயாளிகளாக இருக்கிறார்கள் என்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன்.

அவர் படிக்கச் சொன்னது பொருளியலாளர்கள் கார்டும் க்ரூகரும் 1994-இல் எழுதிய கட்டுரை. 1992 ஏப்ரலில் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து பென்சில்வேனியாவில் ஏற்றவில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களில் கூலி ஏறுமுன்பும் ஏறியபின்பும் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்தார்கள். நியூஜெர்சியில் என்ன மாறியது என்று மட்டும் பார்க்கவில்லை, ஏற்றாத பக்கத்தில் அதே மாதங்களில் என்ன மாறியது என்பதைக் கழித்தார்கள். வேலை குறைந்ததற்கு அடையாளம் இல்லை. அதை எதிர்த்தும் ஆதரித்தும் பின்னால் எழுதியது மலையளவு. கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது, க்ரூகர் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துபோனார். கேள்வி எவ்வளவு குறுகலானது பாருங்கள். ஒரு மாநிலம், ஒரு வகைக் கடை, ஒரு கூலி உயர்வு.

நானும் குறுகினேன். என் தரவில் ஒரு பள்ளித் தொகுதியில், முந்தைய தேர்வில் 40-க்குக் கீழே வாங்கியவர்களுக்கு மட்டும் இலவச டியூஷன் கொடுத்திருந்தார்கள். 39 வாங்கிய பிள்ளைக்கும் 40 வாங்கிய பிள்ளைக்கும் புத்தியில் என்ன பெரிய வித்தியாசம்? ஒருவனுக்கு டியூஷன் கிடைத்தது, ஒருவனுக்கு இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டி நிற்பவர்களை ஒப்பிடுவது 1960-இலேயே உளவியலாளர்கள் திசில்த்வெயிட்டும் கேம்பெலும் தகுதிச் சான்றிதழ் வாங்கிய மாணவர்களை வைத்துச் செய்த உத்தி. என் மைனஸ் 6 மாயமாயிற்று. வந்தது பிளஸ் 3, திட்டப் பிழை (அந்த எண் எவ்வளவு ஆடலாம் என்கிற அளவு) 2. அதாவது டியூஷன் உதவியிருக்கலாம், அடித்துச் சொல்ல என் தரவு போதாது. அதையே எழுதினேன். இருபத்திரண்டு பக்கம். கேள்வி கேட்க வந்த வெளி ஆசிரியர், “மூன்று என்பது பெரிய எண்ணா, சின்ன எண்ணா?” என்றார். வகுப்புத் தேர்ச்சிக்கு ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மூன்று போதுமானது என்று எண்ணி வைத்திருந்தேன், சொன்னேன். தலையாட்டினார்.

நீங்களும் உங்கள் தலைப்பில் எந்தக் கல்வி, யாருக்கு, எந்த வருடத்து எந்த மாற்றத்தால் கிடைத்தது, அது கிடைக்காதவர் யார் என்று நாலு வரி எழுதிக் கைடிடம் கொண்டுபோங்கள். முகம் நேராகும்.

கே: நாற்பது வயதுக்கு மேல் படிக்கலாமா?

ப: எங்கள் நாலு பேர் கூட்டத்தில் ஒருவருக்கு 43. பலகையில் அவர் எழுத்துதான் படிக்கிற மாதிரி இருக்கும்.

கே: என் ஆய்வில் முக்கியமான மாறிக்கு பி மதிப்பு 0.06 வந்திருக்கிறது. 0.05-க்குக் கீழே இருந்தால்தான் முடிவு செல்லும் என்கிறார்கள். ஒன்றிரண்டு மாறிகளைச் சேர்த்துப் பார்த்தால் இறங்கும்போல் இருக்கிறது. செய்யலாமா?

ப: பி மதிப்பு என்பது, உண்மையில் விளைவே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவோ இதைவிடப் பெரிதோ வர எவ்வளவு வாய்ப்பு என்பது. அந்த 0.05 புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1925-இல் வசதிக்காகச் சொன்ன எல்லை. உங்கள் 0.06-க்கும் பக்கத்து மேஜைக்காரரின் 0.049-க்கும் நடுவே இயற்கை எந்தச் சுவரும் கட்டவில்லை. மதிப்பீட்டையும் அதன் நம்பிக்கை இடைவெளியையும் (தரவோடு ஒத்துப்போகிற மதிப்புகளின் வரம்பு) அப்படியே கொடுங்கள். அந்த இடைவெளிக்குள் பூஜ்யமும் இருக்கிறது, பெரிய விளைவும் இருக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். என்னுடையது உங்களுடையதைவிட மோசமான பி மதிப்பு, மேலே பார்த்தீர்களே.

கடைசி இரண்டு வரிகளை நான் படிக்கவில்லை. நீங்களும் எழுதவில்லை.